டிஜிட்டல் பிராசஸரை மையமாக வைத்துச் சிறிய பெடல்போர்டு அமைப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு கையில் கிட்டார், மறு கையில் பெடல்போர்டு என்று ஒரே நடையில் மேடையேறிவிட விரும்பும் கிட்டார் கலைஞர்களுக்காக எழுதப்பட்ட விடைகள் இவை. கிட்டார் ஒலியை மாற்றும் பல எஃபெக்டுகளைத் தன்னுள் கொண்ட ஒரு டிஜிட்டல் பிராசஸர் நடுவிலும், அதைச் சுற்றி இரண்டு மூன்று தனிப் பெடல்களும் இருக்கும் பலகையையே இங்கே சிறிய பெடல்போர்டு என்கிறேன்.

எல்லா எஃபெக்டுகளும் பிராசஸருக்குள்ளேயே இருக்கும்போது பலகை எதற்கு?

பிராசஸர் மட்டும் போதும் என்றால் அதோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. ஆனால் கையடக்கமான பிராசஸர்களில் பெரும்பாலும் மூன்று ஃபுட்ஸ்விட்சுகளே இருக்கும். 2018-இல் வெளிவந்த லைன் 6 எச்எக்ஸ் ஸ்டாம்ப்பிலும், பாஸ் ஜிடி-1000 கோரிலும் இதுதான் நிலை. இரண்டு நிகழ்ச்சிகள் வாசித்து முடிப்பதற்குள் வால்யூமுக்கு ஒரு எக்ஸ்பிரஷன் பெடல் (காலால் சாய்த்து அளவை மாற்றுவது) வேண்டும், கூடுதலாக இரண்டு ஸ்விட்ச் வேண்டும், வாசித்துப் பழகிய அந்தப் பழைய ஓவர்டிரைவும் (ஒலியைக் கரகரப்பாக்கும் பெடல்) கூடவே வர வேண்டும் என்று தோன்றிவிடும். இவற்றைத் தனித்தனியாகத் தரையில் பரப்பினால் ஒவ்வொரு முறையும் கேபிள்களைப் பிரித்து மீண்டும் கோக்க வேண்டியிருக்கும். அவசரத்தில் ஏதாவது ஒரு பிளக் சரியாக உட்காராமல் போகும். இணைப்புகளை ஒருமுறை நிதானமாகச் செய்துவிட்டு, பிறகு அவற்றைத் தொடாமலேயே வாசிக்கலாம் என்பதே பலகையின் முதல் பயன்.

எந்தெந்தப் பெடல்களை வெளியே வைக்க வேண்டும்?

நான் கடைப்பிடிக்கும் அளவுகோல் ஒன்றே: பிராசஸருக்குள் செய்தால் கைக்கோ காலுக்கோ வேறு மாதிரி உணர்வைத் தரும் பெடலை மட்டுமே வெளியே வைப்பேன். கோரஸ், டிலே, ரிவெர்ப் ஆகியவை இன்றைய பிராசஸர்களில் மிக நன்றாக இருக்கின்றன. ப்ரீசெட்டோடு (சேமித்து வைத்த ஒலி அமைப்போடு) சேர்ந்து அவற்றின் அளவுகளும் மாறுவது பெரிய வசதி. அந்த வசதியைத் தனிப் பெடலுக்காக விட்டுக்கொடுப்பதற்கு நல்ல காரணம் வேண்டும். ஒலியை மிகவும் கரடாகச் சிதைக்கும் ஃபஸ் அப்படியல்ல. அது கிட்டாரின் பிக்கப்போடு நேரடியாகப் பேச வேண்டிய பெடல். பாட்டுக்கு நடுவே குனிந்து ஒரு குமிழைத் திருப்பும் பழக்கம் உள்ளவர்களுக்கு ஓவர்டிரைவும் வெளியே இருப்பது நல்லது. திரையில் பட்டியலைத் திறந்து, பிளாக்கை (பிராசஸருக்குள் இருக்கும் ஓர் எஃபெக்டையோ ஆம்ப் மாதிரியையோ) தேர்ந்தெடுத்து, பிறகு குமிழைத் திருப்புவதற்குள் அந்த வரி முடிந்துவிடும்.

ட்யூனரைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். பிராசஸருக்குள்ளேயே ட்யூனர் உண்டு. பெரும்பாலும் ஒரு ஸ்விட்சை அழுத்திப் பிடித்தால் திறக்கும். இடம் குறைவான பலகையில் அதுவே போதும். வெயில் நேரடியாக விழும் திறந்தவெளி மேடைகளில் அடிக்கடி வாசிப்பவர்கள் மட்டும், பெரிய எழுத்துக் காட்டும் தனி ட்யூனருக்கு இடம் ஒதுக்கலாம்.

ஃபஸ் பெடலை எல்லாவற்றுக்கும் முன்னால் வைக்கச் சொல்வது ஏன்?

1966-இல் வந்த ஃபஸ் ஃபேஸ் வகைச் சுற்றில் இரண்டே டிரான்சிஸ்டர்கள்தான். அதன் உள்ளீட்டு மின்மறுப்பு (வரும் மின்னோட்டத்துக்கு அது தரும் தடை) மிகக் குறைவு. வழக்கமான கிட்டார் உள்ளீட்டின் 1 மெகா ஓம் எங்கே, இதன் சில ஆயிரம் ஓம் எங்கே! இதனால் பிக்கப்பின் சுருளும் கிட்டாரின் வால்யூம் குமிழும் ஃபஸ்ஸின் சுற்றிலேயே ஓர் அங்கமாகிவிடுகின்றன. இடையில் பஃபர் (முன்னும் பின்னும் உள்ளவற்றைப் பிரித்து ஒலியைக் கடத்தும் சுற்று) கொண்ட வேறொரு பெடல் புகுந்தால் அந்த உறவு அறுந்துவிடும்.

இதை நீங்களே கேட்டு அறியலாம். ஃபஸ்ஸை நேரடியாகக் கிட்டாரோடு இணைத்து, வால்யூமை முழுதாகத் திறந்து ஒரு கார்டு அடியுங்கள். கிட்டாரிலிருந்து ஒரு சுவர் எழுந்து நிற்பது போல ஒலி வரும். இப்போது குமிழை 10-இலிருந்து 7-க்கு இறக்குங்கள். சுவர் மெல்லக் கரைந்து, பிக் கம்பியில் படும் இடம்கூடத் துல்லியமாகக் கேட்கும் ஒரு தெளிந்த, சற்றே கரகரத்த ஒலி மிஞ்சும். அடுத்து, பஃபர் கொண்ட ட்யூனரை இடையில் வைத்து இதையே திரும்பச் செய்து பாருங்கள். ஒலி கூர்மையாகிக் காதைக் குத்தும். குமிழை இறக்கினாலும் பழைய தெளிவு வராது. பிராசஸரின் லூப்பில் (ஒலியைச் சென்ட் வழியே வெளியே அனுப்பி, ரிட்டர்ன் வழியே திரும்பப் பெறும் இணைப்பில்) ஃபஸ்ஸை வைத்தாலும் இதே கதைதான், ஏனென்றால் லூப்பின் சென்ட் வெளியீடும் ஒரு பஃபரே. சில பிராசஸர்களில் உள்ளீட்டு மின்மறுப்பை மாற்றும் வசதி உண்டு. உள்ளே இருக்கும் ஃபஸ் மாதிரியைப் பயன்படுத்துவோருக்கு அது ஓரளவு கைகொடுக்கும்.

பிராசஸரைத் தேர்ந்தெடுக்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

எத்தனை ஆம்ப் மாதிரிகள், எத்தனை எஃபெக்டுகள் என்ற எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். இருநூறு மாதிரிகளில் நீங்கள் உண்மையில் தங்கப் போவது ஐந்தாறில்தான். பின்பக்கத்தைப் பாருங்கள். வெளிப் பெடல்களைச் சேர்க்க சென்ட், ரிட்டர்ன் இருக்கிறதா, எக்ஸ்பிரஷன் பெடலுக்கான துளை உண்டா, மிடி (கருவிகள் ஒன்றுக்கொன்று கட்டளை அனுப்பும் நெறிமுறை) உண்டா, வெளியீடு ஸ்டீரியோவா என்பவைதான் நாளை உங்கள் பலகை வளரக்கூடிய எல்லையைத் தீர்மானிக்கின்றன. ஜூம் எம்எஸ்-50ஜி போல ஒரே ஸ்விட்ச் கொண்ட சிறிய பிராசஸரும் நல்ல மையமாக அமையும், ஆனால் தனி டிரைவ் பெடல்களே முதன்மை என்றிருந்து, பிராசஸர் கோரஸையும் டிலேயையும் மட்டும் கவனித்துக்கொள்ளும் பலகைக்கு மட்டுமே அது பொருந்தும்.

ஒரே நேரத்தில் எத்தனை பிளாக்குகள் இயங்கும் என்பதையும் கேட்டறியுங்கள். ஆம்ப், கேபினட் (ஸ்பீக்கர் பெட்டியின் ஒலியைப் போலச்செய்வது), ரிவெர்ப் ஆகியவை பிராசஸரின் கணக்கிடும் திறனில் பெரும்பங்கை எடுத்துக்கொள்பவை. வெளியே ஒரு டிரைவ் பெடல் இருந்தால் உள்ளே ஒரு பிளாக் மிச்சமாகும் என்பது சிறிய பிராசஸர்களில் கணிசமான லாபம்.

பலகை எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

வாங்குவதற்கு முன் தாளில் வெட்டிப் பாருங்கள். பாஸ் நிறுவனத்தின் வழக்கமான சிறு பெடல் 73 மில்லிமீட்டர் அகலமும் 129 மில்லிமீட்டர் நீளமும் கொண்டது. உங்கள் பெடல்கள் ஒவ்வொன்றின் அளவுக்கும் அட்டையை வெட்டி, பலகையின் அளவில் தரையில் ஒரு கட்டம் வரைந்து அதனுள் அடுக்குங்கள். பக்கவாட்டில் ஜாக் இருக்கும் பெடல்களுக்கு இடையே பிளக்குகளுக்கான இடத்தைச் சேர்க்க மறக்காதீர்கள்; தட்டையான பிளக்காக இருந்தாலும் இரண்டு பெடல்களுக்கு நடுவே இரண்டு சென்டிமீட்டராவது போய்விடும். ஜாக்குகள் மேல் விளிம்பில் இருக்கும் பெடல்கள் இந்த இடத்தை மிச்சப்படுத்தித் தருகின்றன, ஆனால் அவற்றுக்குப் பின்னால் இடம் விட வேண்டும்.

அதன்பின், மேடையில் அணியும் அதே செருப்போ ஷூவோ அணிந்து, எழுந்து நின்று, அந்த அட்டைகளைக் காலால் மிதித்துப் பாருங்கள். சிரிப்பாகத் தோன்றினாலும், பலகை அமைப்பதில் இதைவிடப் பயனுள்ள பத்து நிமிடங்களை நான் கண்டதில்லை. ஒரு ஸ்விட்சை மிதிக்கும்போது பக்கத்து ஸ்விட்சின் மேல் ஷூவின் ஓரம் ஏறுகிறதா என்பது அப்போதே தெரிந்துவிடும். நடுப்புள்ளிக்கு நடுப்புள்ளி ஆறு ஏழு சென்டிமீட்டர் இடைவெளி இருந்தால் பெரும்பாலான கால்களுக்குப் போதும். அடிக்கடி மிதிப்பவை முன்வரிசையிலும், எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும் பெடல் பின்வரிசையிலும் இருக்கட்டும். ஒலி போகும் வரிசைக்கும் பலகையில் அடுக்கும் வரிசைக்கும் தொடர்பு இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. பெடல்களை இணைக்கும் ஒரு நீளமான பேட்ச் கேபிளால் தீரும் சிக்கலுக்காகக் காலைக் கஷ்டப்படுத்த வேண்டாம்.

40 சென்டிமீட்டர் நீளமும் 20 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட பலகையில் ஒரு சிறிய பிராசஸர், ஒரு டிரைவ், ஒரு சின்ன எக்ஸ்பிரஷன் பெடல் ஆகியவை நெருக்கமின்றி அமர்ந்துவிடும். வழக்கமான அளவுள்ள வா (wah) பெடல் சேர்ந்தால் இந்தக் கணக்கு உடைந்துவிடும்.

மின்சாரத்துக்கு என்ன ஏற்பாடு செய்வது?

சிறிய பலகைகளில் பெரும்பாலான தொல்லைகளுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது, ஆகவே இதற்குச் சற்று நேரம் ஒதுக்குங்கள். பெரும்பாலான பெடல்கள் 9 வோல்ட் டிசி மின்சாரத்தில், பிளக்கின் நடுமுனை எதிர்மின்னாக இருக்கும் இணைப்பில் இயங்குகின்றன. ஆனால் எவ்வளவு மின்னோட்டம் தேவை என்பதில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு உண்டு. ஒரு அனலாக் ஓவர்டிரைவுக்கு 5 முதல் 20 மில்லி ஆம்பியர் போதும். டிஜிட்டல் பிராசஸருக்கோ பல நூறு மில்லி ஆம்பியர் வேண்டும். எச்எக்ஸ் ஸ்டாம்ப்போடு வரும் அடாப்டர் 9 வோல்ட், 3 ஆம்பியர் என்று குறிக்கப்பட்டது. அடாப்டரில் எழுதப்பட்டிருப்பது அதனால் தர முடிந்த உச்ச அளவு. பெடல் தனக்கு வேண்டியதை மட்டுமே எடுத்துக்கொள்ளும். எனவே மின்னோட்டம் தேவைக்கு அதிகமாக இருந்தால் கேடில்லை. வோல்ட் மாறினாலோ துருவம் மாறினாலோ கேடு உண்டு.

என் முதல் பலகையில் ஒரே அடாப்டரிலிருந்து கிளைக் கேபிள் வழியாகப் பிராசஸருக்கும் ஓவர்டிரைவுக்கும் மின்சாரம் கொடுத்திருந்தேன். சுத்தமான ஒலியில் ஒன்றும் தெரியவில்லை. கெயினை ஏற்றியதும் காதோரக் கொசுவைப் போல ஒரு மெல்லிய கீச்சொலி எழுந்தது. ப்ரீசெட்டை மாற்றினால் அந்தக் கீச்சொலியின் சுருதியும் மாறியது. கேபிள், பிக்கப், ஆம்ப் என்று வரிசையாகச் சந்தேகப்பட்டு இரண்டு வாரம் அலைந்தேன். கடைசியில் ஓவர்டிரைவுக்கு ஒரு 9 வோல்ட் பேட்டரியைப் போட்ட அந்த நொடியே ஒலி அடங்கியது. பிராசஸரின் டிஜிட்டல் சுற்று தன் மின்வழியில் விடும் இரைச்சல், பொதுவான கம்பி வழியே டிரைவுக்குள் புகுந்து பெருக்கப்பட்டிருக்கிறது.

இதனால்தான் ஒவ்வொரு வெளியீடும் மற்றவற்றிலிருந்து மின்னியல் ரீதியாகப் பிரிக்கப்பட்டிருக்கும் பவர் சப்ளையை வாங்கச் சொல்கிறேன். பலகையில் முதலில் தரம் பார்க்க வேண்டிய பொருள் அதுதான். ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் கொண்ட பழைய வகை ஃபஸ்கள் சிலவற்றில் நேர்மின் முனையே கிரவுண்டாக இருக்கும். அவற்றை மற்றப் பெடல்களோடு ஒரே கிளைக் கேபிளில் மாட்டினால் சப்ளை குறுக்குச் சுற்றாகிவிடும். பிரிக்கப்பட்ட வெளியீடு இருந்தால் இந்தச் சிக்கலும் இல்லை. பிராசஸருக்குரிய வெளியீடு அதன் கையேடு கேட்கும் மின்னோட்டத்தைத் தருகிறதா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்; தராவிட்டால் பிராசஸருக்கு அதன் சொந்த அடாப்டரையும், மற்றவற்றுக்குச் சிறு சப்ளையையும் வைப்பதே பாதுகாப்பு.

பேட்ச் கேபிள்களில் விலை உயர்ந்தவை தேவையா?

தேவையில்லை, உறுதியானவை தேவை. கிட்டார் கேபிளுக்கு மீட்டருக்குச் சுமார் 100 பைக்கோ ஃபாரட் மின்தேக்குத்திறன் உண்டு. அது பிக்கப்போடு சேர்ந்து உயர் அதிர்வெண்களைக் குறைக்கிறது என்பது உண்மைதான், ஆனால் அந்தக் கணக்கில் பெரிய பங்கு கிட்டாரிலிருந்து பலகைக்கு வரும் ஆறு மீட்டர் கேபிளுக்கே உரியது. பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் பேட்ச் கேபிளால் காதுக்குத் தெரியும் மாற்றம் எதுவும் வராது. ஈயப் பற்று வைத்தவையா, திருகி இறுக்குபவையா என்று கேட்டால், அடிக்கடி பயணிக்கும் பலகைக்குப் பற்று வைத்தவற்றையே பரிந்துரைப்பேன்.

ஒலி எந்த வரிசையில் போக வேண்டும்?

கிட்டார், ஃபஸ், வா, காம்ப்ரசர், ஓவர்டிரைவ், பிறகு பிராசஸர் என்பது நல்ல தொடக்கம். வாவை ஃபஸ்ஸுக்கு முன்னால் வைப்போரும் உண்டு, அது ரசனையைப் பொறுத்தது. பிராசஸருக்குள் ஆம்ப், கேபினட், பிறகு டிலே, ரிவெர்ப் என்று வையுங்கள். டிலேக்குப் பின் டிஸ்டார்ஷன் வந்தால் எதிரொலிகள் ஒன்றோடொன்று நசுங்கிக் கூழாகும்.

முன்னால் இருக்கும் டிரைவின் வால்யூமையும் கவனியுங்கள். பிராசஸரின் உள்ளீடு டிஜிட்டலாக மாறும் இடம். அங்கே அளவு மீறினால் வரும் சிதைவு, வால்வு ஆம்ப்பின் இனிய சிதைவு அல்ல, கண்ணாடி நொறுங்குவது போன்ற கரடுமுரடான ஒன்று. உள்ளீட்டு விளக்கு சிவப்பைத் தொட்டால் பெடலின் வெளியீட்டைக் குறையுங்கள், அல்லது பிராசஸரின் அமைப்புகளில் உள்ளீட்டுப் பேட் (வரும் அளவைக் குறைக்கும் வசதி) இருந்தால் அதை இயக்குங்கள்.

வெளிப் பெடலை முன்னால் வைப்பதா, லூப்பில் வைப்பதா?

லூப்பில் வைத்தால் அந்தப் பெடலை ப்ரீசெட்டுக்கு ஏற்ப எந்த இடத்துக்கும் நகர்த்தலாம்; ஒரே ஓவர்டிரைவ் ஒரு பாட்டில் ஆம்ப்புக்கு முன்னும், இன்னொரு பாட்டில் ஒலியிலிருந்து முற்றிலும் விலகியும் நிற்கும். பெடலைத் தொடாமலேயே, பிராசஸரின் ஒரே மிதியில் டிரைவும் டிலேயும் சேர்ந்து மாறுவது சிறிய பலகைக்குக் கிடைக்கும் பெரும் பேறு. ஃபஸ்ஸைத் தவிர மற்ற டிரைவ்களை நான் லூப்பில்தான் வைக்கிறேன். லூப்பின் அளவை லைன் நிலையில் விடாமல் இன்ஸ்ட்ருமென்ட் நிலைக்கு மாற்றிவிடுங்கள். இல்லையெனில் சிறு பெடல் தாங்காது திணறும்.

லூப் வழியே போனால் தாமதம் உண்டாகும் என்கிறார்களே?

உண்டாகும், ஆனால் அஞ்சும் அளவுக்கு இல்லை. ஒலி ஒருமுறை டிஜிட்டலாகி மீண்டும் அனலாகாக வெளிவர ஒன்றிரண்டு மில்லி விநாடி ஆகிறது. லூப் சேர்ந்தால் இன்னொரு சுற்று. காற்றில் ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்கிறது. அப்படியானால் 3 மில்லி விநாடி என்பது ஸ்பீக்கரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நிற்பதற்குச் சமம். மேடையில் ஆம்ப்பிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி நின்று வாசிப்பவர் இதைவிட அதிகத் தாமதத்தோடு பழகியவரே. டிஜிட்டல் வயர்லெஸ், பிராசஸர், டிஜிட்டல் மிக்ஸர், காதுக்குள் வைக்கும் மானிட்டர் என்று எல்லாம் வரிசையாகச் சேரும்போதுதான் கூட்டுத்தொகை விரலுக்குத் தெரியத் தொடங்கும்.

நான்கு கேபிள் முறை என்பது என்ன? சிறிய பலகைக்கு அது ஏற்றதா?

கிட்டாரிலிருந்து பிராசஸருக்கு ஒன்று, பிராசஸரின் சென்டிலிருந்து ஆம்ப்பின் முன் உள்ளீட்டுக்கு ஒன்று, ஆம்ப்பின் எஃபெக்ட்ஸ் சென்டிலிருந்து பிராசஸரின் ரிட்டர்னுக்கு ஒன்று, பிராசஸரின் வெளியீட்டிலிருந்து ஆம்ப்பின் எஃபெக்ட்ஸ் ரிட்டர்னுக்கு ஒன்று என நான்கு கேபிள்கள். இதனால் டிரைவ்கள் ஆம்ப்பின் முன்னும், டிலேயும் ரிவெர்ப்பும் அதன் ப்ரீஆம்ப்புக்குப் பின்னும் அமர்கின்றன. சொந்த ஆம்ப்பின் ஒலியை நேசிப்பவருக்கு இது அருமையான முறை. ஆனால் பிராசஸரின் லூப் இதிலேயே செலவாகிவிடும், ஆம்ப்புக்கும் பலகைக்கும் இடையே கிரவுண்ட் சுற்று உருவாகி ஹம் (தாழ்ந்த ரீங்காரம்) எழும் வாய்ப்பும் கூடும். ஒவ்வொரு மேடையிலும் வேறொருவரின் ஆம்ப்போடு வாசிக்கிறீர்கள் என்றால் இதைத் தவிருங்கள்.

மிக்ஸருக்கு நேரடியாகக் கொடுத்தால் ஒலி தேனீக்கூட்டம் போல இருக்கிறது. ஏன்?

கேபினட் சிமுலேஷன் அணைந்திருக்கிறது. கிட்டார் ஆம்ப்பில் இருக்கும் 12 அங்குல ஸ்பீக்கர் 5 கிலோ ஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாகத் தேய்ந்துவிடும்; டிஸ்டார்ஷனின் முள்ளை மழிப்பது அந்தத் தேய்வுதான். மேடை ஒலிபெருக்கிகள் உயர் அதிர்வெண்கள் முழுவதையும் அப்படியே தருவதால், அந்த வேலையைப் பிராசஸர் செய்தாக வேண்டும். கேபினட் பிளாக்கோ, ஐஆர் எனப்படும் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் கோப்போ இதற்கு உதவும். ஐஆர் என்பது ஒரு ஸ்பீக்கர், ஒரு மைக், அவை இருந்த இடம் ஆகியவற்றின் ஒலிப்பதிவுச் சுவடு. 48 கிலோ ஹெர்ட்ஸில் 2048 மாதிரிகள் கொண்ட ஐஆர் சுமார் 43 மில்லி விநாடி நீளமே இருக்கும்.

இதன் மறுபக்கமும் உண்டு. கேபினட் சிமுலேஷனை அணைக்காமல் கிட்டார் ஆம்ப்புக்குக் கொடுத்தால், ஒரு ஸ்பீக்கரின் தேய்வு இன்னொன்றின் மேல் ஏறி, போர்வைக்குள்ளிருந்து வாசிப்பது போல மங்கிவிடும். ஒவ்வொரு ஒலிக்கும் ஆம்ப்புக்கு ஒன்று, மிக்ஸருக்கு ஒன்று என இரு பிரதிகளைச் சேமித்து, பெயரிலேயே அதைக் குறித்துவிடுவது என் வழக்கம். மிக்ஸரிலிருந்து வரக்கூடிய 48 வோல்ட் ஃபேண்டம் பவர் (மைக்குகளுக்கான மின்சாரம்) பிராசஸரைத் தொடாமலிருக்க, இடையில் ஒரு டிஐ பாக்ஸ் (ஒலியை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றும் சிறு பெட்டி) இருப்பது நல்லது.

மூன்று ஸ்விட்சுகளை வைத்துக்கொண்டு ஒரு முழு நிகழ்ச்சியைச் சமாளிக்க முடியுமா?

முடியும், ப்ரீசெட் மாற்றுவதை நம்பி இருக்காவிட்டால். ஒரு ப்ரீசெட்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது பெரும்பாலான சிறிய பிராசஸர்களில் ஒலியில் ஒரு நொடித்துளி இடைவெளி விழும். டிலேயின் வால் வெட்டுப்படும். ஸ்னாப்ஷாட் அல்லது சீன் எனப்படும் வசதி ஒரே ப்ரீசெட்டுக்குள் பல பிளாக்குகளின் நிலையையும் அளவுகளையும் ஒரே மிதியில் மாற்றுகிறது. பிளாக்குகள் ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருப்பதால் இடைவெளி இராது. பாட்டுக்கு ஒரு ப்ரீசெட், அதனுள் சரணத்துக்கு ஒன்று, பல்லவிக்கு ஒன்று, சோலோவுக்கு ஒன்று என்று மூன்று ஸ்னாப்ஷாட் வைத்தால் மூன்று ஸ்விட்சுகளும் நிறைவாகப் பயன்படும்.

அதற்கும் மேல் வேண்டுமென்றால் இரண்டு ஸ்விட்ச் கொண்ட சிறு பெட்டியை எக்ஸ்பிரஷன் துளையில் செருகலாம். பிராசஸர் கேட்பது மொமென்டரி வகையா (மிதித்திருக்கும்போது மட்டும் இணைவது), லாட்சிங் வகையா (மிதித்துவிட்ட நிலையிலேயே நிற்பது) என்று பார்த்து வாங்குங்கள். தவறினால் இரண்டு முறை மிதித்தால்தான் ஒருமுறை மாறும். மிடி இன்னும் வலிமையானது. 1983-இல் வந்த அந்த நெறிமுறை இன்றும் 16 சேனல்கள், 128 புரோகிராம்கள் என்ற அதே கணக்கில் இயங்குகிறது. சிறு பெடல்களில் இப்போது ஐந்து முள் பிளக்குக்குப் பதிலாக 3.5 மில்லிமீட்டர் டிஆர்எஸ் (மூன்று தொடுமுனைகள் கொண்ட) துளையே பெரிதும் வருகிறது. அதில் ஏ, பி என இரு இணைப்பு வகைகள் உண்டு. 2018-இல் ஏ வகை தரநிலையாக ஏற்கப்பட்டது, ஆனால் பி வகைப் பெடல்களும் புழக்கத்தில் இருப்பதால் கேபிள் வாங்கும் முன் கையேட்டைப் பாருங்கள்.

எக்ஸ்பிரஷன் பெடல் பாதியிலேயே முழு அளவைத் தொட்டுவிடுகிறது. பெடல் பழுதா?

பெரும்பாலும் இல்லை. எக்ஸ்பிரஷன் பெடலுக்குள் இருப்பது ஒரு பொட்டென்ஷியோமீட்டர். டிஆர்எஸ் பிளக்கின் முனையிலும் வளையத்திலும் எது இணைக்கப்பட்டிருக்கிறது என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். முனையும் வளையமும் இடம் மாறியிருந்தால் பெடலின் நகர்வு இப்படிக் கோணலாகத் தெரியும். துருவம் மாற்றும் ஸ்விட்ச் இருந்தால் மாற்றிப் பாருங்கள், பிறகு பிராசஸரின் கேலிப்ரேஷனைச் செய்யுங்கள். இணைக்கும் கேபிள் ஸ்டீரியோ வகையாக இருக்க வேண்டும். சாதாரண கிட்டார் கேபிள் இதற்கு உதவாது.

வீட்டில் அற்புதமாக இருந்த ஒலி மேடையில் ஏன் கெட்டுவிடுகிறது?

ஒலி கெடவில்லை, காது மாறிவிட்டது. ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியபடி, சத்தம் குறைவாக இருக்கும்போது நம் காது தாழ்ந்த ஒலிகளையும் மிக உயர்ந்த ஒலிகளையும் குறைத்தே கேட்கிறது. வீட்டில் மெல்லக் கேட்டுக்கொண்டு அமைக்கும்போது அந்தக் குறையை ஈடுகட்ட பேஸையும் ட்ரெபிளையும் ஏற்றிவிடுகிறோம். மேடைச் சத்தத்தில் அவை இரண்டும் தலைதூக்க, கிட்டாரின் உயிர் இருக்கும் நடுப்பகுதி பேஸ் கிட்டாருக்கும் டிரம்ஸுக்கும் நடுவே மூழ்கிப்போகும். ரிவெர்ப்பும் அப்படித்தான், அறையில் அழகாக இருந்தது அரங்கில் சேறாகும்.

ஒத்திகையில், முழுக் குழுவோடு, முழுச் சத்தத்தில் ப்ரீசெட்டுகளைத் திருத்துங்கள். சுத்தமான ஒலிக்கும் டிரைவுக்கும் சோலோவுக்கும் இடையிலான சத்த வேறுபாட்டையும் அங்கேதான் சரிசெய்ய முடியும். தனியாகக் கேட்கும்போது பெரிதாகத் தோன்றும் டிஸ்டார்ஷன், குழுவோடு சேர்ந்தால் சுத்தமான ஒலியைவிடச் சிறிதாகிவிடுவது வழக்கம். சோலோவுக்கு வால்யூமை ஏற்றுவதோடு நடுப்பகுதியையும் சற்றே உயர்த்தினால் அது தானாக முன்னால் வந்து நிற்கும்.

ஹம் சத்தத்தின் ஊற்றை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டே வாருங்கள். முதலில் கிட்டாரின் வால்யூமை மூடுங்கள்; சத்தம் நின்றால் குற்றம் பிக்கப்பிலோ அருகிலிருக்கும் விளக்கிலோ மின்மாற்றியிலோ இருக்கிறது, ஒற்றைச் சுருள் பிக்கப்பானால் சற்றுத் திரும்பி நின்றாலே குறையும். நிற்காவிட்டால் பலகையிலிருந்து ஆம்ப்பைப் பிரித்து, ஹெட்ஃபோனில் பிராசஸரை மட்டும் கேளுங்கள். அங்கே அமைதி இருந்தால் பலகைக்கும் ஆம்ப்புக்கும் இடையே கிரவுண்ட் சுற்று இருக்கிறது என்று பொருள். இரண்டையும் ஒரே மின்பெட்டியில் செருகுங்கள், போதாவிட்டால் டிரான்ஸ்ஃபார்மர் கொண்ட ஐசொலேட்டரை இடையில் வையுங்கள். ஆம்ப்பின் மூன்று முள் பிளக்கில் எர்த்தைத் துண்டிப்பதை மட்டும் ஒருபோதும் செய்ய வேண்டாம். ஹம் நிற்கும்தான், ஆனால் ஆம்ப்பில் பழுது நேரும் நாளில் கிட்டார் கம்பியைத் தொட்டிருக்கும் உங்கள் கை வழியே மின்சாரம் பாயும், உயிருக்கே ஆபத்து.

பெடல்களைப் பலகையில் எப்படி ஒட்டுவது?

வெல்க்ரோ போதும். மென்மையான பக்கம் பலகையிலும் கரடான பக்கம் பெடலிலும் இருக்கட்டும். ஒட்டும் முன் பெடலின் அடியிலுள்ள ரப்பரை நீக்கி, ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்து உலரவிடுங்கள். எண்ணெய்ப் பசை இருந்தால் வெப்பத்தில் வழுக்கும். காலால் அழுத்தித் தள்ளப்படும் எக்ஸ்பிரஷன் பெடலுக்கு மட்டும் காளான் தலை கொண்ட கடினமான ஒட்டுப்பட்டை தேவை. பவர் கேபிள்களையும் ஒலிக் கேபிள்களையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டாதீர்கள், குறுக்கே கடக்க வேண்டிய இடத்தில் செங்குத்தாகக் கடக்கவிடுங்கள்.

ப்ரீசெட்டுகள் அழிந்துவிட்டால் என்ன செய்வது?

அழியும் முன்பே பிரதி எடுத்திருக்க வேண்டும். யூஎஸ்பி வழியாகக் கணினியில் இணைத்து முழு நினைவகத்தையும் ஒரு கோப்பாகச் சேமியுங்கள்; ஃபர்ம்வேரைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் அதற்கு முன் இதைச் செய்யுங்கள், நிகழ்ச்சிக்கு முந்தைய நாள் புதுப்பிக்கவே வேண்டாம். அத்தோடு, வெளிப் பெடல்களின் குமிழ்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்று செல்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிராசஸர் தன் அளவுகளை நினைவில் வைத்திருக்கும். வண்டியில் உரசித் திரும்பிவிட்ட ஓவர்டிரைவின் குமிழ் எங்கே இருந்தது என்பதை அந்தப் படம்தான் சொல்லும்.